கருப்பட்டியக் கொன்னது நான்தானா, டாக்டர் அண்ணாச்சி?

வந்த லெட்டர் (கொஞ்சம் சுருக்கி):

"டாக்டர் அண்ணாச்சிக்கு வணக்கம். நாங்க சேரன்மகாதேவிப் பக்கம். வீட்டுல ரெண்டு நாய். ஒண்ணு கருப்பட்டி, டாஷ் ஜாதி (நீள ஒடம்பு, குட்டைக் காலு), 4 வயசு, 8 கிலோ. இன்னொண்ணு மணி, மழையில தெருவுல கெடந்தவன எடுத்து வளத்தோம், நாட்டுநாய். போன மாசம் கருப்பட்டிக்கு வருஷ ஊசி போட நானும் என் மகனும் (9ஆம் கிளாஸ்) ஸ்கூட்டர்ல கொண்டு போனோம். நைன் இன் ஒன்னும் (பல நோய்க்கு ஒண்ணாப் போடுத ஊசி) ரேபிஸும் சேத்துப் போட்டாங்க. போட்ட அஞ்சாவது நிமிஷம் கெளம்பிட்டோம். ரயில்வே கேட் அடைச்சிருந்துச்சு, செங்கோட்டை வண்டிக்காக நிக்கோம், அப்பமே வாந்தி எடுத்தான், பொறவு ரத்தமா பேதி, என் மகன் மடியிலயே தொவண்டுட்டான். வண்டியத் திருப்பிட்டு ஓடுனோம். டாக்டர் ஏதோ மாட்டுக்குப் பிரசவம்னு போயிருந்தாங்க. அங்க இருந்த பையன் ஏவில் (அலர்ஜி மருந்து) ஊசி போட்டான். டாக்டர் வந்து சேருததுக்குள்ள முடிஞ்சிருச்சு. தென்ன மூட்டுலதான் பொதச்சோம்.

போன வருஷம் ஊசி போட்டுட்டு வந்த அன்னைக்கு சாயங்காலம் அவன் மூஞ்சி லேசா வீங்கியிருந்துச்சு. பூச்சி கடிச்சிருக்கும்னு அத்தை மஞ்ச அரச்சுப் போட்டாங்க, காலைல வத்திருச்சு. அத நான் யார்ட்டயும் சொல்லல. இப்பம் அதத்தான் நெனைச்சு நெனைச்சு ஒறக்கம் இல்ல. என் மகன் 'நீதான் கூட்டிட்டுப் போயி கொன்ன'ங்கான். பக்கத்து வீட்டுல 'ஊசி போட்டதுல வெறி ஏறித்தான் செத்துச்சு, பயல நக்கியிருக்குல்லா, பாத்துக்கிடுங்க'ங்காங்க. மணிக்கு அடுத்த மாசம் ஊசி வருது. அத்தை 'இனி ஒரு ஊசியும் வேண்டாம், இருக்குதுவரைக்கும் இருக்கட்டும்'னு சொல்லிட்டாவ. நான் என்ன செய்ய?"

தங்கச்சி,

உங்க லெட்டர் வந்து பத்து நாளாச்சு. வந்த அன்னைக்கே படிச்சிட்டேன், பதில் எழுதவும் உக்காந்தேன், ரெண்டு வரிக்கு மேல ஓடல, மூடி வச்சிட்டேன். ஏன் ஓடலங்கிறத கீழ சொல்லுதேன். மொதல்ல நீங்க கேட்டதுக்கு நேர் பதில்: இல்லம்மா. நீங்க கொல்லல. ஆனா அதோட விட்டுட்டு, எல்லாம் விதி, மனச தேத்திக்கிடுங்கன்னு எழுதுனா நீங்க நம்பப் போறதில்ல, ஏன்னா உங்க மனசு அந்தப் போன வருஷத்து மூஞ்சி வீக்கத்துலயே போய் முட்டிக்கிட்டு நிக்கி. அதனால அன்னைக்கு அவன் ஒடம்புக்குள்ள என்ன நடந்துச்சுங்கிறத மொதல்ல சொல்லிருதேன், பொறவு அந்த வீக்கத்துக்கு வாரேன்.

இதுக்குப் பேரு அனபிலாக்சிஸ். வாயில நொழையாத பேருதான், ஆனா இந்தப் பேரே ஒரு நாய் செத்ததுலேருந்து வந்ததுதான். 1902-ல பிரான்ஸ்ல சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியேன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க கடல் சாமந்தியோட விஷத்த நாய்களுக்குக் கொஞ்சங் கொஞ்சமா குத்திப் பாத்தாங்க. பழக்கி விட்டா பொறவு விஷம் ஏறாதுன்னு அவங்க கணக்கு. அதுல நெப்டியூன்னு ஒரு நாய். ஜனவரியில போட்டப்ப அதுக்கு ஒண்ணும் ஆகல. சில வாரம் கழிச்சு, நல்லா ஓடியாடித் திரிஞ்ச நாய்க்குத் திரும்ப அந்த மருந்து போட்டிருக்காங்க, போட்ட கொஞ்ச நேரத்துலயே வாந்தி, பேதி, நிக்க முடியல, 25 நிமிஷத்துல போயிருச்சு. காப்பாத்தணும்னு போட்டது நேர் எதிரா வேலை செஞ்சதால அந்த அர்த்தம் வாரமாதிரி இந்தப் பேர வச்சாங்க. ரிஷேவுக்கு 1913-ல நோபல் பரிசு குடுத்தாங்க. நெப்டியூன் பேரு எங்கள மாதிரி ஆட்களுக்குத்தான் ஞாபகம் இருக்கு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, தோலுக்கடியிலயும் கொடல்லயும் ஈரல்லயும் மாஸ்ட் செல்னு ஒரு வகை செல் உண்டு, அதுக்குள்ள ஹிஸ்டமின் மாதிரி சரக்கு பொட்டலம் பொட்டலமா கெடக்கும். ஒரு வெளிப்பொருள் மொத தடவை உள்ள வந்தப்ப சில ஒடம்பு அத 'எதிரி'ன்னு குறிச்சு வச்சு, அந்தப் பொட்டலத்துக்கெல்லாம் திரி மாட்டி வச்சிரும். வெளிய ஒண்ணும் தெரியாது. அடுத்த தடவை அதே பொருள் வந்ததும் எல்லாத் திரியும் ஒண்ணா பத்திக்கிடும், சிவகாசியில குடோன் பத்துன கணக்குதான். தடுப்பூசியில பெரும்பாலும் இந்த வேலையச் செய்யுதது அந்த நோய்க்கிருமியே இல்ல. வைரஸ வளக்க கன்னுக்குட்டி ரத்தத்துலேருந்து எடுத்த சீரம் ஊத்துவாங்க, மருந்து கெடாம இருக்க ஜெலட்டின் மாதிரி சிலது சேப்பாங்க, அதுல மிச்சம் மீதி ஊசியில இருக்கும். ரியாக்‌ஷன் ஆன நாய்களோட ரத்தத்த ஜப்பான்ல சோதிச்சப்ப, பலதுக்கு அந்தக் கன்னுக்குட்டிச் சீரத்துக்கு எதிரா ஒடம்பு தயார் பண்ணுன ஆன்டிபாடிதான் ஒசரக் கெடந்திருக்கு. ஆயிரம் நாய்க்கு ஒண்ணும் செய்யாத ஒரு துளி, ஒரு நாய்க்கு இப்படி ஆகிருது. எந்த நாய்க்குன்னு முன்கூட்டியே சொல்லுத டெஸ்ட் எங்க கையில கெடயாது.

மனுஷனுக்கு இது வந்தா தொண்டை அடைக்கும், மூச்சு முட்டும், எல்லாரும் சினிமாவுல பாத்திருப்போம். நாய்க்கு அப்படி இல்ல. நாய்க்கு மொத அடி ஈரலுக்கும் கொடலுக்கும்தான். ஈரல்லேருந்து ரத்தம் வெளிய போற குழாய் இறுகிரும், போக வழியில்லாம ரத்தம் பூரா கொடல் பக்கமே தேங்கும், இதயத்துக்குத் திரும்பி வர ரத்தம் காணாது, பிரஷர் சரசரன்னு எறங்கும். அதான் வாந்தி, அதான் அந்த ரத்த பேதி, அதான் தொவண்டது. ஒதட்ட வெலக்கி ஈறப் பாத்திருந்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்திருக்கும். நீங்க லெட்டர் கடைசியில ஒரு ஓரத்துல 'யாரும் வெசம் கிசம் வச்சிருப்பாங்களோன்னுகூட தோணுச்சு'ன்னு எழுதி அடிச்சிருந்தீங்க, அடிச்ச கோட்டுக்குள்ள படிச்சேன். பாக்க அப்படித்தான் இருக்கும். வெசம் யாரும் வைக்கல, அந்த நெனப்ப விட்ருங்க, அக்கம்பக்கத்துல யார் மூஞ்சியையும் சந்தேகமா பாக்க வேண்டாம்.

இப்பம் அந்த வீக்கத்துக்கு வாரேன். அது பூச்சிக்கடி இல்ல, சின்ன ரியாக்‌ஷன்தான். கண்ணு சுத்தி, ஒதடு, மூக்குத்தண்டு வீங்குதது, மேலெல்லாம் தடிக்கிறது, இதெல்லாம் ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள்ள வரும், ஒரு ஏவில் போட்டா வத்திரும், போடாமலே வத்துததும் உண்டு. அது ஒரு எச்சரிக்கை, இத மறைக்க மாட்டேன். அடுத்த வருஷம் ஊசி போடுததுக்கு முந்தி டாக்டருக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய சங்கதி.

ஆனா யம்மா, அத கேக்க வேண்டியது யாரு? காலைல ஊசி போட்டுட்டு வந்து, சாயங்காலம் பொடதியில வெயில் எறங்குன நேரத்துல மூஞ்சி வீங்குனா, வாழையும் வயலும் சூழ்ந்த ஊர்ல இருக்கவங்களுக்கு குளவியோ கட்டெறும்போன்னுதான் தோணும். ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பாக்கதுக்குப் படிச்சவன் நாங்கதான். ஊசிய எடுக்கதுக்கு முந்தி 'போன தடவ போட்டப்ப ஏதும் ஆச்சா, மூஞ்சி கீஞ்சி வீங்குச்சா, வாந்தி எடுத்தானா'ன்னு கேட்டா முடிஞ்சு போச்சு, பத்து செகண்ட் கேள்வி. நீங்க 'ஆமா அண்ணாச்சி, ஒரு நாள் வீங்குச்சு'ன்னு சொல்லியிருப்பீங்க. உங்கட்ட யாரும் கேக்கல. கேக்காத கேள்விக்கு நீங்க எப்படி பதில் சொல்ல முடியும்?

இத இவ்வளவு உறுதியா சொல்லுதேன்னா, நானும் கேக்காதவன்தான். அதான் பத்து நாளா பேனா ஓடல.

1993. சென்னையில படிச்சு முடிச்சிட்டு பாளையங்கோட்டைக்கு வந்த புதுசு. கிளினிக்னு ஒரு கடைய வாடகைக்குப் பிடிச்சிருந்தாலும் பாதி வேலை வீட்டுக்குப் போய்ப் பாக்கததுதான், பையத் தூக்கி லூனாவுல வச்சிட்டு சுத்துவேன். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீடு. அவங்க வீட்டு வெள்ளை நாய், பொமரேனியன்னு சொல்லுவோம், உண்மையில அது நம்ம ஊரு ஸ்பிட்ஸ், அதுக்கு ரேபிஸ் ஊசி. போட்டேன். சாரோட சம்சாரம் 'டாக்டர் தம்பி, காப்பி குடிச்சிட்டுத்தான் போணும்'னாங்க, தார்சாவுல உக்காந்தேன். காப்பி இன்னும் ஆத்தக்கூட இல்ல, நாய் பொறத்தால நடந்து போனது அப்படியே காலு மடங்கி உக்காருது. வாந்தி. பைய தெறந்தேன். ஏவில் இருக்கு, டெக்சான்னு ஸ்டீராய்டு ஊசி இருக்கு, விழுந்த பிரஷரத் தூக்குத அட்ரினலின் மட்டும் இல்ல. கிளினிக்ல ஒரு ஆம்பூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி) இருக்குன்னு ஞாபகம். லூனாவ எடுத்துட்டுப் பறந்தேன், வந்து ஆம்பூல வெளிச்சத்துல தூக்கிப் பாக்கேன், டீத்தண்ணி கலர்ல இருக்கு. அட்ரினலின் தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும், கெட்டுப்போனா செவந்து பழுப்பாகிரும். எப்பம் வாங்குனதோ. மெடிக்கல்ல கேட்டு வாங்கிட்டுத் திரும்பிப் போறதுக்குள்ள அந்த நாய் சார் மடியில தலைய வச்சமானிக்கே போயிருச்சு.

அதுக்குத் தேவைப்பட்ட மருந்து எவ்வளவுன்னு நெனைக்கீங்க? 8 கிலோ நாய், உங்க கருப்பட்டி எடைதான், 0.08 மில்லி. ஒரு மில்லி சிரிஞ்சுல ஒரு பெரிய கோட்டுக்கும் கொறவு. தொடைச் சதையில அத மொத அஞ்சு நிமிஷத்துல ஏத்தி, டிரிப் போட்டு சலைன் வெரசா விட்டிருந்தா பொழைக்க வழி இருந்துச்சு. ஏவிலும் டெக்சாவும் அரிப்பு, வீக்கத்துக்கு ஆகும், பின்னால கூடச் சேத்துக் குடுக்கலாம், விழுந்துட்ட பிரஷரத் தூக்கி நிறுத்த அதுகளால ஆகாது. இத பொஸ்தகத்துல படிச்சு மார்க்கு வாங்குனவன்தான் நான்.

சார் என்னைய ஒரு வார்த்தை சொல்லல. 30 ரூவாய எடுத்து மேசையில வச்சாங்க. நான் எடுக்கல. அந்தக் காப்பி ஆடை படிஞ்சு கெடந்துச்சு, அத இன்னைக்கும் மறக்க முடியல. அந்தத் தெரு வழியா நாலு வருஷம் நான் போகல, சுத்தித்தான் போவேன்.

அன்னையிலேருந்து என் கிளினிக்ல ஒரு வழக்கம். ஃபிரிட்ஜ் மேல ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா, அதுல அட்ரினலின் ரெண்டு ஆம்பூல், சிரிஞ்சு, எந்த எடைக்கு எவ்வளவுன்னு எழுதுன அட்டை. மாசம் ஒண்ணாந்தேதி கலர் பாக்கது. வெளிய வேப்ப மரத்தடியில பெஞ்சு போட்டிருக்கேன், ஊசி போட்ட யாரும் அரை மணி நேரம் அங்கன உக்காராம போகக்கூடாது. கொள்ளப் பேரு சடச்சுக்கிடுவாங்க. 'ஊசிதான் போட்டாச்சுல்லா, இன்னும் என்ன சார்', 'சமயபுரத்துல குறி கேக்க வந்த மாதிரி உக்கார வைக்காரு'ன்னு என் காதுபடவே சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போட்டும். ஏன்னா உசிர எடுக்குத ரியாக்‌ஷன் பெரும்பாலும் அந்த மொத அரை மணிக்குள்ளதான் வரும். இத்தனை வருஷத்துல அந்த பெஞ்சுலயே நாலு நாய் சரிஞ்சிருக்கு, நாலும் நடந்து வீட்டுக்குப் போயிருக்கு, ஒண்ணு மட்டும் ரெண்டு நாள் டிரிப்ல கெடந்துட்டுப் போச்சு.

அப்பம் உங்க டாக்டர் பண்ணுனது தப்பான்னு கேப்பீங்க. அவரு இன்னாருன்னு நீங்க எழுதல, எழுதாதது நல்லது, நானும் கேக்கல. மூணு விஷயம் வேற மாதிரி இருந்திருக்கலாம். போன வருஷத்தப் பத்திக் கேட்டிருக்கலாம். உங்கள உக்கார வச்சிருக்கலாம், தான் வெளிய போனா அட்ரினலின் எங்க இருக்கு, எப்படிப் போடணும்னு அந்தப் பையனுக்குப் பழக்கி வச்சிருக்கலாம். மூணாவது, ரெண்டு ஊசியையும் ஒரே நாள்ல போட்டது. அமெரிக்காவுல 12 லட்சம் நாய்களோட கணக்க எடுத்து 2005-ல போட்ட ஆய்வு ஒண்ணு உண்டு, அதுல ஊசி போட்டு மூணு நாளைக்குள்ள ஏதாவது ரியாக்‌ஷன் ஆனது பத்தாயிரத்துக்கு 38 நாய். அதுல பெரும்பாலும் வீக்கம், தடிப்புன்னு லேசானதுதான். ஆனா சின்ன நாய்க்குத்தான் அதிகம், 10 கிலோவுக்குக் கீழ இருக்க நாய்க்கு ஒரே நாள்ல கூடப் போடுத ஒவ்வொரு ஊசிக்கும் வாய்ப்பு 27 சதவீதம் ஏறுது, டாஷ் ஜாதியும் அதிகம் வருத ஜாதியில ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணாப் போடுதது சட்ட விரோதமோ ஊர்ல இல்லாத வழக்கமோ இல்ல, நெறையப் பேரு போடுதாங்க, நானும் பெரிய நாய்க்குப் போடுவேன். மூஞ்சி வீங்குன 8 கிலோ நாய்னு தெரிஞ்சிருந்தா போட மாட்டேன். அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். மாட்டுப் பிரசவத்துக்கு ஓடுனத மட்டும் குத்தம் சொல்லாதீங்க, கன்னு குறுக்க மாட்டிக்கிட்டா அங்கயும் ரெண்டு உசிரு.

இன்னொண்ணு இருக்கு, சொன்னா உங்களுக்கு வலிக்கும், ஆனா மணி விஷயத்துக்கு அது வேணும். நைன் இன் ஒன்ல இருக்க டிஸ்டெம்பர், பார்வோன்னு நாய்களக் கொல்லுத ரெண்டு வைரஸ் நோய்க்கான பகுதிய குட்டியில ஒழுங்காப் போட்டு, பொறவு ஒரு பூஸ்டரும் போட்ட நாய்க்கு வருஷா வருஷம் போட வேண்டியதில்ல, மூணு வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேண்டாம்னுதான் உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கத்து வழிகாட்டி சொல்லுது. எலிக்காய்ச்சல் பகுதி மட்டும் வருஷம் ஒரு தடவை வேணும், நம்ம பக்கம் வயலும் எலியுமா இருக்கதால நான் அத வலியுறுத்துவேன். ரேபிஸ் நம்ம நாட்டுல வருஷம் ஒரு தடவை. எல்லாத்தையும் ஒரே புட்டியில வருஷா வருஷம் போடுதது பழக்கமாப் போச்சு, ஒண்ண ஒண்ணாப் பிரிச்சுப் போட நேரமும் இல்ல, எல்லாத்துக்கும் தனித்தனி புட்டி எல்லா ஊர்லயும் கெடைக்கவும் இல்ல.

ஊசி மருந்து கெட்டுப்போயிருக்குமோ, கரண்டு போயி ஃபிரிட்ஜ் நின்னிருக்குமோன்னும் கேட்டிருந்தீங்க. மருந்த 2 டிகிரிலேருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், சூடாயிட்டா அதோட வீரியம் போயிரும், நோய்க்குக் காப்பு வராது, அது தனிக் கேடு. இந்த மாதிரி அடிச்சுச் சாய்க்கிறது அதனால வருததில்ல. ஆனா ஊசி புக்குல ஒட்டுன ஸ்டிக்கர்ல பேட்ச் நம்பர் இருக்கும். அத டாக்டர்ட்ட காட்டி மருந்துக் கம்பெனிக்கு எழுதிப் போடச் சொல்லுங்க, அவரு எழுதலன்னா நானே எழுதுதேன். இனிமே யார் நாயும் இப்படிச் செத்தா, சந்தேகம் இருந்தா, பொதைக்கதுக்கு முந்தி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனா அறுத்துப் பாத்துச் சொல்லுவாங்க. நீங்க இப்பம் போயி தென்ன மூட்டத் தோண்ட வேண்டாம். நீங்க எழுதுன நேரக் கணக்கே எனக்குப் போதும்.

பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லுதது. நாய்க்குப் போடுத ரேபிஸ் ஊசியில இருக்கது செத்த கிருமி. அது எந்திரிச்சு வந்து யாருக்கும் வெறி உண்டாக்காது, நாய்க்கும் உண்டாக்காது, நக்குனவனுக்கும் உண்டாக்காது. வெறி வந்த நாய் பத்து நிமிஷத்துல சாகவும் செய்யாது, நாலஞ்சு நாளு கொரலு மாறி, தண்ணி எறங்காம, எச்சி வடிச்சு, கண்டதையும் கடிச்சுத்தான் சாகும். உங்க மகனுக்கு இதுக்காக ஊசி ஒண்ணும் வேண்டாம். இத அவங்கட்ட சண்டை போட்டுச் சொல்லாண்டாம், இந்தப் பக்கத்த எடுத்து நீட்டுங்க, படிச்சுக்கிடட்டும்.

மணிக்கு வாரேன். அத்தைய கோவிச்சுக்கிடாதீங்க, கண்ணு முன்னால ஒண்ணு போயிருக்கு, பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா இந்த ஒரு விஷயத்துல அத்தை பேச்சக் கேக்காதீங்க. உலகத்துல வெறிநாய்க்கடியில சாகுதவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல நம்ம நாட்டுலதான்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. மனுஷனுக்கு வருததுல 99 சதவீதம் நாய் வழியாத்தான். வந்துட்டா மருந்து கெடயாது. குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ட 1907-ல ஆரம்பிச்சதே இந்த ஒரு சனியனுக்காகத்தான், நூறு வருஷத்துக்கு மேலாச்சு, இன்னும் நாம அதுலேருந்து மீளல. மணி தெருவுலேருந்து வந்தவன், சாயங்காலம் கேட்டத் தெறந்தா வாய்க்கா வரைக்கும் போயிட்டு வாரவன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வாய்க்காக்கரையில எத்தனை நாய் நிக்கும், எது கடிச்சதுன்னு மணி வந்து உங்கட்ட சொல்லவா போறான்? ஊசி போடாம 'இருக்குதுவரைக்கும் இருக்கட்டும்'னு விட்டா அது மணிய மட்டும் பொறுத்ததில்ல, அவன் பக்கத்துல ஒறங்குத உங்க மகனையும் பொறுத்தது.

கருப்பட்டிக்கு ஆனது மணிக்கு ஆகுமான்னா, ரெண்டும் ஒரு வயித்துல பொறக்கல, ஒருத்தன் திரி மாட்டி வச்சிருந்தான்னு இன்னொருத்தனும் மாட்டியிருப்பான்னு இல்ல. மணி 18 கிலோ, மூணு வருஷம் ஊசி போட்டிருக்கீங்க, ஒண்ணும் ஆகல. ஆனாலும் உங்க பயத்துக்கு மருந்து வேணும்ல, அதனால இப்படிச் செய்வோம். ஒரு நாள்ல ஒரே ஊசி. மொதல்ல ரேபிஸ் மட்டும். பொறவு மூணு நாலு வாரம் கழிச்சு எலிக்காய்ச்சல். டிஸ்டெம்பர், பார்வோ எப்பம் போட்டதுன்னு புக்கப் பாத்து முடிவு பண்ணுவோம். காலைல வெள்ளன வாங்க, ராத்திரி நேரம் போட்டுட்டுப் போயி வீட்டுல ஏதும் ஆனா யாரையும் பிடிக்க முடியாது. முன்கூட்டியே ஏவில் போட்டுட்டா ஒண்ணும் வராதுல்லான்னு கேப்பீங்க, லேசான வீக்கத்த அது அமுக்கும், பெருசா வருதத தடுக்கும்னு நம்பி இருக்க முடியாது, அதனால நம்புனா அந்த பெஞ்சத்தான் நம்பணும். பெஞ்சுல இருக்கப்ப வாந்தி எடுத்தா, மூஞ்சிய காலால தேச்சா, ஈறு வெளுத்தா, கால் தள்ளாடுனா சத்தம் போடுங்க, நான் உள்ள யாரப் பாத்துட்டு இருந்தாலும் விட்டுட்டு வருவேன். வேற டாக்டர்ட்ட போட்டாலும் செரி, அட்ரினலின் இருக்கா, அரை மணி நேரம் இருப்பீங்களான்னு ரெண்டையும் கேட்டுட்டு ஊசிக்கு சம்மதிங்க. கூச்சப்படாதீங்க. கேட்டா கோவப்படுத டாக்டர்ட்ட போட வேண்டாம்.

மணி சரியாத் திங்க மாட்டேங்கான், கருப்பட்டி படுத்த சாக்க மோந்து மோந்து பாத்துட்டு அது பக்கத்துலயே படுக்கான்னு எழுதியிருக்கீங்க. அத்தை அந்தச் சாக்கத் தொவச்சுப் போடச் சொன்னா இப்பம் வேண்டாம்னு சொல்லுங்க. இருக்கட்டும். வாடை தானாக் கொறையும், அவனும் தானா எந்திரிப்பான். ரெண்டு நாள் திங்காம இருந்தா பரவால்ல, மூணாவது நாளும் தண்ணிகூட குடிக்கலன்னா கூட்டிட்டு வாங்க, அது துக்கமா இல்ல வேற ஏதுமான்னு பாக்கணும்.

உங்க மகன் சொன்னது. 14 வயசுப் பயலுக்கு மடியில ஒரு உசிரு போறது சின்ன விஷயம் இல்ல தங்கச்சி. அவன் கையிலதான அன்னைக்கு இருந்துச்சு, ரயிலுக்காக கேட்டுல நின்னவனும் அவன்தான். தான் கெட்டியா பிடிச்சிருந்தா, தான் இன்னும் வெரசா கத்தியிருந்தான்னு அவனுக்குள்ளயும் ஓடும், அத வெளிய சொல்ல வழி தெரியாம உங்க மேல எறக்கி வைக்கான். நீங்க தாயி, தாங்குவீங்கன்னு அவனுக்குத் தெரியும். 'நான் கொல்லலடா'ன்னு வாதாடாதீங்க, 'போன வருஷம் மூஞ்சி வீங்குனப்ப எனக்குத் தெரியலடா, யாரும் கேக்கவும் இல்ல'ன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. இந்த ஈரல் கதையையும் நெப்டியூன் கதையையும் அவனே படிக்கட்டும், பயாலஜி புக்குல ஹிஸ்டமின்னு வரும்போது அவனுக்கு அது யாருன்னு தெரியும். அன்னைக்கு கேட்டுல நிக்காம ஒடனே திரும்பியிருந்தா பொழைச்சிருப்பானான்னு அவன் கேட்டா, எவ்வளவு வெரசா திரும்பிப் போனாலும் அங்க அந்த ஆம்பூல எடுத்துப் போட ஆளில்லன்னு சொல்லுங்க. அது உண்மைதான், கேட்டுமேல பழி போட ஒண்ணும் இல்ல.

புதுசா குட்டி வாங்குதத பத்தி இப்பம் யோசிக்க வேண்டாம், உங்க வீட்டுக்காரரு சவுதியிலேருந்து வந்ததும் ராஜபாளையம் குட்டி ஒண்ணு வாங்கிட்டு வாரேன்னு சொன்னா, மகன் கேக்குதவரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க.

மணிய வாரத்துல வியாழக்கிழமை காலைல 8 மணிக்குக் கூட்டிட்டு வாங்க, அன்னைக்குக் கூட்டம் கொறவா இருக்கும். பயலையும் கூட்டிட்டு வாங்க, ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டா ஒண்ணும் கொறஞ்சிறாது, ஈறு பாக்கது எப்படின்னு அவனுக்குச் சொல்லித்தாரேன், பெஞ்சுல மணி பக்கத்துல அவன்தான் உக்காரணும். கருப்பட்டியோட ஊசி புக்கையும் மறக்காம எடுத்துட்டு வாங்க, பேட்ச் நம்பர எழுதிக்கிடணும். ஃபிளாஸ்க்ல காப்பி கொண்டு வந்துருங்க, பக்கத்துல இருந்த டீக்கடைய எடுத்துட்டாங்க, அரை மணி நேரம் சும்மா உக்கார முடியாது.